மூன்று ராஜாக்களும் ஒரு மரண வாக்குமூலமும்

ஆக்லாந்தில் நான் குடியிருக்கும் பேட்டைக்குப் பெயர் த்ரீ கிங்ஸ். ஊர்ச் சொந்தங்களிடம் இதைத் தமிழ்ப்படுத்திச் சொன்ன பாவத்துக்கு, "சேர சோழ பாண்டியர் அங்கேயுமா வந்தாங்க?" என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வரவில்லை. வந்திருந்தால் ஆளுக்கொரு கோயில் கட்டி, ஒருத்தர் கல்வெட்டை இன்னொருத்தர் செதுக்கி எடுத்து, ஏரியாவே களைகட்டியிருக்கும். இங்கே ராஜா என்றால் எரிமலைக் கூம்பு.

சுமார் 28,500 வருஷத்துக்கு முன்னால், பூமிக்கு அடியிலிருந்து கிளம்பிய குழம்பு நிலத்தடி நீரைச் சந்தித்தது. காய்ந்த எண்ணெயில் ஈரக் கரண்டியைப் போட்டால் என்ன ஆகுமோ, அதுவே ஊர் அளவுக்கு ஆனது. வெடித்த பள்ளத்துக்குள் கூம்பு கூம்பாகக் கசடு எழும்பியது. எரிகுழம்பு பள்ளத்தாக்கில் இறங்கி ஓடி உறைந்தது. பிற்பாடு கடல்மட்டம் ஏறி அந்தப் பள்ளத்தாக்கு வைட்டேமாட்டா துறைமுகமாகிவிட, குழம்பின் நுனி மட்டும் மியோலா ரீஃப் என்ற கருங்கல் நாக்காகத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது.

மாவோரி மக்கள் இந்த மலைக்கு ரியுகியுட்டாவின் இடைக்கச்சு என்று அவர்கள் மொழியில் பெயர் வைத்து, சரிவுகளைப் படிப்படியாக வெட்டி வாழ்ந்தார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் பெரிய உச்சிகளை எண்ணி மூன்று ராஜா என்றார்கள். பட்டாபிஷேகம் முடிந்த கையோடு கடப்பாரையை எடுத்தார்கள். எரிமலைக் கசடு ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் உசத்தியான சரக்கு. இன்றைக்கு நிமிர்ந்து நிற்பது பிக் கிங் மட்டும்தான். உயரம் 133 மீட்டர். கிரீடம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்த் தொட்டி. மற்ற ராஜாக்களின் மேல்தான் தினமும் கார் ஓட்டுகிறோம்.

பூமிக்கு உள்ளே அன்றைக்கு என்ன நடந்தது என்பதற்கு, அது வெளியே கொட்டிய கல்தான் சாட்சி. சாட்சியை லோடு கணக்கில் விற்றுவிட்டோம். கம்ப்யூட்டர் விஷயத்திலும் மனுஷ ஜாதியின் குணம் இதுவேதான் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் மலை ஏறினேன்.

என் பெரியப்பா திருநெல்வேலி மாவட்டத்தில் போலீஸ் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மூன்று மாச விசாவில் வந்து, குளிருக்கு மங்கி குல்லாவும், டீக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரையுமாக என் வீட்டில் இருந்தார். அப்போது என்னிடம் ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் உறைந்துவிடும். மவுஸ் நகராது, கடிகாரம் ஓடாது, விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் அது உறைந்தபோது நான் கீபோர்டின் வலது கண்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரோல் லாக் கீயை இரண்டு தட்டுத் தட்டினேன். திரை நீலமானது. நான் சிரித்தேன்.

பெரியப்பா பேப்பரை மடித்தார். "ஏலே, மயக்கமா கெடந்த மிஷினை நீயேல்ல கொன்னுட்ட? அதுக்கு ஏன்டா பல்லைக் காட்டுத?"

"கொன்னாத்தான் பெரியப்பா வாக்குமூலம் கெடைக்கும்" என்றேன்.

முப்பது வருஷம் ஸ்டேஷனில் இருந்தவருக்கு இந்த வாக்கியம் பிடித்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குச் சொன்ன சரித்திரம்தான் உங்களுக்கும்.

ஆதியில் கம்ப்யூட்டரின் ஞாபகசக்தி இரும்பு வளையத்தில் இருந்தது. 1953ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேர்ல்விண்ட் என்ற பூதத்துக்கு இதைப் பொருத்தினார்கள். பொடிப்பொடி காந்த வளையங்கள், ஊடே கம்பி. பூக்கட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கையால் கோத்தார்கள்; அந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். வளையத்துக்குப் பெயர் கோர். ப்ரோக்ராம் செத்துப்போனால் வளையங்களில் அந்த நொடியில் இருந்ததை அப்படியே காகிதத்தில் கொட்டுவார்கள். அது கோர் டம்ப். வளையம் போய் சிலிக்கன் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. பெயர் மட்டும் போகவில்லை. அம்மியே இல்லாத வீட்டுக் கல்யாணத்திலும் அம்மி மிதிக்கிறோமே, அந்தக் கணக்கு.

நம் பக்கத்துக்கும் இந்தக் காகிதம் வந்தது. 1973ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு மேற்கு ஜெர்மனி தயவில் ஐ.பி.எம். 370/155 வந்து இறங்கியது. அந்த ஜாதி இயந்திரத்தில் எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தை வைத்தால் ப்ரோக்ராம் 0சி7 என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உயிரை விடும். கூடவே பதினாறடிமான எண்களாகப் பக்கம் பக்கமாகக் காகிதம் துப்பும். அதைத் தரையில் விரித்து, பென்சிலோடு குப்புறப் படுத்துத் துப்பறிவது அந்தத் தலைமுறையின் தொழில். ஆனால் ஒன்று: இந்தச் சாவெல்லாம் தானாக வருவது. நாமாக வரவழைப்பது வேறு கலை.

அதற்கு முன்னால் ஒரு கோஷ்டி சாவைக் கௌரவமான காரியமாக்கியது. பெல் லேப்ஸில் யூனிக்ஸ் எழுதினவர்கள். அவர்களுக்கு முந்தைய மல்டிக்ஸ் என்ற சிஸ்டத்தில், தவறு நடந்தால் தப்பிப்பதற்கான ஏற்பாடே பாதி ப்ரோக்ராம். அதெல்லாம் எங்களிடம் கிடையாது, பானிக் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதைக் கூப்பிட்டால் மிஷின் படுத்துவிடும், வராந்தாவில் நின்று "ரீபூட் பண்ணுங்கப்பா" என்று கத்துவோம் என்கிற ரீதியில் அவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பதில் சொன்னதாகக் கதை. கதவே இல்லாத வீட்டில் பூட்டு எதற்கு என்கிற தத்துவம்.

அப்புறம் வந்தார் டேவிட் பிராட்லி. ஃப்ளோரிடாவில் போகா ரேட்டன் என்ற இடத்தில் ஐ.பி.எம். பி.சி.யை உருவாக்கிய பன்னிரண்டு இன்ஜினியர்களில் ஒருவர். சோதனையின்போது மிஷின் உறைய உறைய, ஒவ்வொரு தடவையும் சுவிட்சை அணைத்துப் போட்டு நொந்துபோனவர், மூன்று கீயை ஒன்றாக அழுத்தினால் ரீஸ்டார்ட் ஆகிற மாதிரி சில நிமிஷத்தில் எழுதிவிட்டார். முதலில் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப். மூன்றும் இடதுபக்கம் கிட்டக்கிட்ட இருந்ததால் கை தவறிப் பட்டால் கதை முடிந்தது. ஆகவே எஸ்கேப்பை நீக்கிவிட்டு எதிர்க்கரையில் இருந்த டெலீட்டைப் பிடித்துப் போட்டார். இரண்டு கையும் வேண்டும்; யோசித்துத்தான் கொல்ல முடியும். இது உள்வீட்டு உபயோகத்துக்கு வைத்த வித்தை. 1981 ஆகஸ்டில் பி.சி. வெளியானதும் ஊர் முழுக்கப் பரவியது. 2001ல் பி.சி.யின் இருபதாவது பிறந்தநாள் மேடையில் பிராட்லி, கண்டுபிடித்தது நான்தான், பிரபலமாக்கியது பில் என்று பக்கத்திலிருந்த பில் கேட்ஸைக் காட்டினார். சபை சிரித்தது. கேட்ஸ் சிரிக்கவில்லை. 2013ல் ஹார்வர்டில் கேட்ஸ், லாகின் செய்வதற்கு அந்த மூன்று கீயை வைத்தது தப்பு, தனியாக ஒரு பட்டன் கேட்டோம், கீபோர்டு செய்தவர் தரவில்லை என்று சொன்னார்.

கண்ட்ரோல், ஆல்ட், டெலீட்: கம்ப்யூட்டர் உலகின் மூவேந்தர் இவர்கள்தான். அரசாட்சியும் அதே லட்சணம். பிரச்சினை வந்தால் ஊரையே கொளுத்திவிட்டு, மறுநாள் காலை கோலம் போட்டுப் புதுசாகத் திறப்பார்கள். ஏன் எரிந்தது என்று கேட்க ஒரு செங்கல்கூட மிஞ்சாது.

"அப்போ தடயத்தை அழிச்சுட்டுத்தான் மறுவேலை பாக்கானுவ" என்றார் பெரியப்பா. "எங்க காலத்துல சந்தேக மரணம்னா 174ஆம் பிரிவுல கேஸைப் போட்டு, பாடியை அப்படியே வெச்சு, போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்புவோம்லா. இவனுவ நேரா சுடுகாட்டுக்கே கொண்டுபோறான்."

வரியெல்லாம் அவருடையது. நான் கையெழுத்து மட்டும் போடுகிறேன்.

போஸ்ட்மார்ட்டம் வேண்டும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1984ல் வந்த முதல் மேக்கிண்டாஷ் பெட்டியில், பக்கவாட்டில் மாட்டிக்கொள்ள ஒரு துண்டு பிளாஸ்டிக் கொடுத்தார்கள். அதில் ஒரு முனை ரீசெட். மறுமுனை, ஓடுகிற ப்ரோக்ராமின் சட்டையைப் பிடித்து நிறுத்தி, பிழை தேடும் டீபக்கரிடம் ஒப்படைக்கும். சன் ஒர்க்ஸ்டேஷன்களில் ஸ்டாப் கீயும் ஏ கீயும் சேர்ந்தால் மிஷின் அந்தரத்தில் நிற்கும். அங்கிருந்து டம்ப் எடுக்கலாம். அதே 1984ல் ஐ.பி.எம். தன் ஏ.டி. கீபோர்டில் 83 கீயோடு 84வதாக சிஸ்ரெக் என்று ஒன்றைச் சேர்த்தது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை நேரடியாகக் கூப்பிடும் மணி அது. கூப்பிட்டால் வருவதற்குத்தான் ஆளில்லை. ஸ்க்ரோல் லாக்கின் ஜாதகமும் இப்படித்தான். எக்செல்லில் அம்புக்குறி நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போதுதான் அப்படியொரு கீ இருப்பதே பலருக்குத் தெரியவரும். வீட்டோடு மாப்பிள்ளை இரண்டு பேர், வேலைவெட்டி இல்லாமல் கீபோர்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே வேலை கிடைத்தது: மயான உத்தியோகம்.

விண்டோஸ் 2000 காலத்தில் ஸ்க்ரோல் லாக் அந்த வேலையில் சேர்ந்தது. விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில், கீபோர்டு டிரைவரின் பாராமீட்டர்ஸ் பகுதியில், CrashOnCtrlScroll என்று ஒரு டிவேர்ட் (DWORD) உருவாக்கி 1 என்று எழுதி, ஒருதரம் ரீஸ்டார்ட் செய்துவிட வேண்டும். அதன்பின் எப்போது வலது கண்ட்ரோலைப் பிடித்து ஸ்க்ரோல் லாக்கை இருமுறை தட்டினாலும் மிஷின் அந்த நிமிஷமே சாகும். நீலத்திரையில் விழும் எண் 0எக்ஸ்இ2. அர்த்தம்: கையால் வரவழைத்த சாவு. மற்ற சாவுக்கெல்லாம் குற்றவாளியைத் தேட வேண்டும். இதில் கொலைகாரனே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறான்.

மவுஸே நகராத மிஷினுக்கு இந்தத் தட்டு மட்டும் எப்படிக் கேட்கிறது என்று பெரியப்பா கேட்டார். நல்ல கேள்வி. சிஸ்டத்துக்குள் வருகிற அழைப்புகளுக்கெல்லாம் ரேங்க் உண்டு. என் பழைய கீபோர்டு உருண்டை முனை வைத்த பி.எஸ்.2 ரகம். அதன் டிரைவர் மேல்ரேங்க். ஐயா தூங்கினாலும் படுக்கையறைக் கதவையே தட்டும். யு.எஸ்.பி. கீபோர்டின் டிரைவர் ஒருபடி கீழ்ரேங்க். வாசலில் டவாலியிடம் சீட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும். மேல்ரேங்கில் எதுவோ மாட்டிக்கொண்டு மிஷின் உறைந்திருந்தால், அந்தச் சீட்டு உள்ளே போகவே போகாது. இருபது வருஷப் பழைய கீபோர்டைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததற்கு வீட்டில் நான் வாங்கிய பேச்சுக்கெல்லாம் அன்றைக்குத்தான் நியாயம் பிறந்தது.

சாகிற மிஷின் வாக்குமூலத்தை எங்கே எழுதும் என்பது அடுத்த வேடிக்கை. அந்த நேரத்தில் ஃபைல் சிஸ்டத்தை நம்ப முடியாது. கொலையாளியே அவனாக இருக்கலாம். ஆகவே விண்டோஸ் பேஜ் ஃபைல் என்ற பழைய டிரங்குப் பெட்டி டிஸ்க்கில் எந்தெந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்திருக்கும். சாகும்போது யாரிடமும் கேட்காமல் நேராக அந்தக் கட்டங்களில் நினைவில் இருப்பதைக் கொட்டும். அடுத்தமுறை உயிர்த்து எழுந்ததும், பெட்டியைத் திறந்து பார்த்து, மெமரி.டி.எம்.பி. என்று தனி ஃபைலாக எடுத்துவைக்கும். டிரங்குப் பெட்டி சின்னதாக இருந்தால் வாக்குமூலம் பாதியில் நிற்கும். முழு டம்ப் என்றால் 16 ஜி.பி. நினைவுக்கு ஏறக்குறைய 16 ஜி.பி. ஃபைல். நீங்கள் பாதி டைப் அடித்து அழித்த ராஜினாமாக் கடிதம், பாஸ்வேர்டு எல்லாமே அதற்குள் கிடக்கலாம். சித்திரகுப்தன் நோட்டு மாதிரி. கண்டவர் கையில் கொடுக்கக்கூடாது.

பெரியப்பா நாற்காலியை இன்னும் கிட்டே போட்டார். டம்பை வின்டிபக் என்ற டீபக்கரில் திறந்து, தானாக அலசச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தேன். மேஸ்திரி அளந்து பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அது தீர்ப்பு எழுதியது: காரணமாக இருக்கக்கூடியது, கீபோர்டு டிரைவர்.

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "கம்ப்ளெயின்ட் குடுக்க வந்தவனையே புடிச்சு உள்ள வைக்கிறது எங்க ஸ்டேஷன்ல மட்டும்தான்னு நெனச்சேன்டா!"

விஷயம் என்னவென்றால், கடைசியாகத் தட்டினது கீபோர்டு. ஆகவே பிணத்துக்குப் பக்கத்தில் நின்றது அதுதான். அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, தட்டுகிற நொடியில் ஒவ்வொரு ப்ராசஸரும் என்ன செய்துகொண்டிருந்தது, யார் எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார், யார் யாருக்காகக் காத்திருந்தார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். என் கேஸில் இரண்டு த்ரெட். முதலாவது ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதன் பூட்டுக்காகக் காத்திருந்தது. இரண்டாவது தன் பூட்டைப் பிடித்துக்கொண்டு முதலாவதன் பூட்டுக்காகக் காத்திருந்தது. "முதல்ல நீங்க", "இல்ல, நீங்க" என்று கல்யாண வீட்டுப் பந்தி வாசலில் இரண்டு சம்பந்திகள். பிரிண்டரோடு வந்த ஒரு பழைய டிரைவரின் வேலை. எடுத்தெறிந்தேன். அதற்கப்புறம் உறையவில்லை. ரீஸ்டார்ட் மட்டும் செய்துகொண்டிருந்தால் இன்றைக்கும் வாராவாரம் அதற்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருப்பேன்.

லினக்ஸ்காரர்கள் சிஸ்ரெக்குக்கு வாழ்வு கொடுத்தார்கள். ஆல்ட், சிஸ்ரெக், சி: மூன்றும் சேர்ந்தால் சிஸ்டத்தின் உயிர்நாடியான கெர்னல் அங்கேயே காலி. அனுமதி முன்பே கொடுத்திருக்க வேண்டும். டம்ப் எடுக்கும் ஏற்பாட்டுக்குக் கேடம்ப் என்று பெயர். 2005ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த இதை உருவாக்கியதில் பெங்களூர் ஐ.பி.எம். இன்ஜினியர்களுக்குப் பெரிய பங்கு. யோசனை அசல் அரண்மனைக் கதை. ராஜா பட்டம் ஏறும்போதே, நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே குட்டி கெர்னல் ஒன்றை இளவரசாக உட்காரவைத்துவிடுவார்கள். அந்த அறைப்பக்கம் ராஜா கால் வைக்கக்கூடாது. ராஜா மண்டையைப் போட்டால், மிஷினை அணைக்காமலே இளவரசன் நேராகச் சிம்மாசனத்தில் குதிப்பான். முதல் ராஜகாரியம், அப்பாவின் உடலைப் பரிசோதித்து அறிக்கை எழுதி டிஸ்க்கில் சேர்ப்பது. இரண்டாவது, மிஷினை ரீபூட் செய்து தானும் காணாமல் போவது. வாரிசுச் சண்டை இல்லாமல் ராஜா செத்த ஒரே வம்சம் இதுவாகத்தான் இருக்கும்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர்க் கடிகாரப்படி மாலை 4 மணி 9 நிமிஷம். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சின்ன ஃபைலை உலகத்துக்கே அனுப்பியது. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் மிஷின்கள் நீலமாகின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். தன் அஷ்யூர் கிளவுடில் படுத்துவிட்ட மிஷின்களைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யுங்கள், 15 தடவைவரை தேவைப்படலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. ஐயப்பனுக்குப் பதினெட்டுப் படி, அஷ்யூருக்குப் பதினைந்து. அப்புறம் தெரிந்த காரணம், 21 கட்டம் எழுதியிருந்த படிவத்தை 20 கட்டம் மட்டும் வைத்திருந்த குமாஸ்தாவிடம் கொடுத்தது. இல்லாத 21வது கட்டத்தைத் தேடிப் போய்க் கிணற்றில் விழுந்தார் குமாஸ்தா. இதைக் கண்டுபிடித்தது ரீஸ்டார்ட் அல்ல. செத்த மிஷின்கள் விட்டுச்சென்ற டம்பும், அதை உட்கார்ந்து படித்த ஆட்களும்தான்.

டம்ப் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த நாட்டில் ஒரு சாட்சி இருக்கிறது. அதுவும் நம் தமிழில். 1836 வாக்கில் வில்லியம் கோலென்சோ என்ற மிஷனரி, ஃபாங்கரே பக்கத்தில் மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டார். விளிம்பு உடைந்த கப்பல் மணி அது. முகைதீன் என்று தொடங்கும் பெயருள்ள முதலாளியின் கப்பல் மணி என்று அதன்மேல் தமிழ் எழுத்து. இப்போது வெலிங்டனில் டே பாப்பா அருங்காட்சியகத்தின் சொத்து. கப்பல் எங்கே உடைந்தது, எப்போது, ஆட்கள் என்ன ஆனார்கள், ஒன்றும் தெரியாது. கிடைத்தது முதலாளி பெயர் மட்டும். டிரங்குப் பெட்டி போதாமல் முதல் வரியோடு நின்றுபோன டம்ப்.

மணிக் கதையைக் கேட்டுவிட்டுப் பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பேரை மட்டும் எழுதிட்டு ஸ்பாட் மகஜர் எழுதாம விட்டுட்டானுவ" என்றார். கிளம்புகிற அன்றைக்கு, ஊரில் தன் பேரனின் லேப்டாப்பிலும் அந்த 1ஐ எழுதிவைக்கச் சொல்லிக் காகிதத்தில் குறித்து வாங்கிக்கொண்டார். லேப்டாப்பில் பெரும்பாலும் ஸ்க்ரோல் லாக்கே இருக்காது, வேறு கீயை ரெஜிஸ்ட்ரியில் குறிக்க வேண்டும் என்று இரண்டாவது காகிதமும் கொடுத்தேன்.

உங்களுக்கும் அதேதான். இந்த ஏற்பாட்டை மிஷின் நன்றாக ஓடும்போதே செய்துவைக்க வேண்டும். உறைந்த பிறகு ரெஜிஸ்ட்ரியைத் திறக்க முடியாது. செத்தவனிடம் உயில் எழுதி வாங்க முடியாத மாதிரி. பேஜ் ஃபைல் போதுமான அளவு இருக்கிறதா என்று பாருங்கள். எழுதி முடித்த கடிதத்தைச் சேமித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பாருங்கள். நீலத்திரையில் சதவீதம் ஏறிக்கொண்டிருக்கும்போது, பொறுமையில்லாமல் பவர் பட்டனில் மட்டும் கை வைக்காதீர்கள். அது வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.